உத்தரமும் சுருள்வில் தாங்கியும்

உத்தரமொன்றின் வளைவைக் கணக்கிடப் புகுவோர், அதனைத் தாங்கும் சுவரும் தூணும் சிறிதும் அசையாதனவென்று கொள்வது வழக்கம். ஆயின் அசையாத தாங்கியென ஒன்று உலகில் இல்லை. மண் அமிழும், ரப்பர்த் திண்டு நசுங்கும், கற்றூணுங்கூட மயிரிழையேனும் குறுகும். ஆதலின், கணினி மென்பொருளில் தாங்கியின் இடத்தே ஒரு சுருள்வில்லை வைத்துக் கணித்தல் உண்மைக்கு அணித்தாகும். விசைக்கேற்ப நீட்சி பெருகுமென்று ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்ட விதியே இதற்கு அடிப்படை. நெருங்கி நிற்கும் பல விற்களாக மண்ணைக் கருதும் முறையை விங்க்லர் 1867-ல் எடுத்துரைத்தார்.

எண்களைக் கொண்டு நோக்குவோம். ஒரு தலை சுவரில் இறுகப் பதிந்து, மறு தலை வெளியே நீண்டுள்ளது 2 மீட்டர் எஃகு உத்தரமொன்று. அதன் தன்னெடையை விடுத்து, நுனியில் 6,000 நியூட்டன் பாரமேற்ற, நுனி 10 மில்லிமீட்டர் தாழ்கின்றதெனக் கொள்க. அஃதாவது, உத்தரத்தின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 600 நியூட்டன். அந்நுனியின்கீழ் அதே விறைப்புள்ள வில்லை நிறுத்தினால், பாரம் செம்பாதியாகப் பிரியும். தாழ்வு 5 மில்லிமீட்டராகும். வில்லின் விறைப்பை 1,800 ஆக்கினாலோ, அது 4,500 நியூட்டனைத் தானேற்று, உத்தரத்திற்கு 1,500 மட்டுமே விடும், தாழ்வு 2.5 மில்லிமீட்டர். விறைப்பு மிக்கதே பாரத்தில் பெரும்பங்கு கொள்ளுமென்பது இதனாற் பெறப்படும்.

மென்பொருளில், வில்லின் ஒரு முனையை உத்தரத்தின் கணுவோடும் மறு முனையை அசையா நிலத்தோடும் பிணைத்து, திசையையும் விறைப்பையும் குறித்தல் வேண்டும். கணினி அகத்தே செய்வது மிக எளிது: விறைப்பு அணியின் மூலைவிட்டத்தில் அக்கணுவிற்கும் அத்திசைக்கும் உரிய எண்ணோடு வில்லின் விறைப்பைக் கூட்டிவிடுகின்றது, அவ்வளவே. மீட்டருக்குரிய எண் வேண்டுமிடத்தில் ஒருவர் மில்லிமீட்டருக்குரிய 600-ஐ இட்டால், வில் ஆயிரத்திலொரு பங்கு விறைப்பே பெறும். கணினி வாய்திறவாது. அசையாமை வேண்டிச் சுழியங்களை அளவின்றி அடுக்குதலுந் தகாது. பேரெண்ணோடு கூடிய சிற்றெண்கள் கணக்கிற் கரைந்தொழியும்.

இவற்றினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. சுருள்வில் தள்ளவும் வல்லது, இழுக்கவும் வல்லது. மண்ணோ தள்ள மட்டுமே அறியும். நீண்ட உத்தரத்தின் ஒருபுறம் பாரமேற, மறுபுறம் மேலெழுமிடத்து, வில் அதனைக் கீழ்நோக்கிப் பற்றியிழுப்பதாகக் கணினி காட்டும். உண்மையில் அங்கே வெற்றிடமே உண்டு. இல்லாத பிடியை நம்பிக் கட்டிய கட்டடத்தில் வாழ்வோர் மாந்தரல்லரோ? அத்தகைய இடத்தில் அமுக்கத்தை மட்டும் ஏற்கும் வில்லையே தெரிந்தெடுத்தல் வேண்டும். எங்கே தொடுகின்றது, எங்கே விலகுகின்றது என்று கணினி பன்முறை மீளக் கணிப்பதால் தாமதம் நேரும்; அது பொறுக்கத்தக்கதே.

விடை வந்தபின், வில்லின் விறைப்பைத் தாழ்வாற் பெருக்கித் தாங்கு விசையோடு ஒப்பிடுக. மேற்கூறிய உத்தரத்தில் 1,800-ஐ 2.5-ஆற் பெருக்க 4,500 வரும். சுவரின் 1,500-ஐயுஞ் சேர்க்க, ஏற்றிய 6,000 நிரம்பும்.