சிரிப்பு மேடை – 9: கப்பல் பட்டறையில் கற்ற பேச்சு

சென்ற வாரம் இங்கிலாந்தின் வடபகுதித் தொழிலாளர் மன்றங்களைப் பார்த்தோம். போ டை கட்டிய ஒருவர் மேடையேறுவார். மாமியார், அயர்லாந்துக்காரர், குடிகாரர் என்று அரை நிமிடத் துணுக்குகளாக அடுக்குவார். கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிப் போவார். அந்தத் துணுக்குகளுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது. இன்றிரவு ஓர் ஊரில் ஒருவர் சொன்னதை நாளை இன்னோர் ஊரில் மற்றொருவர் சொல்வார். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கலைத்தவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் பில்லி கானலி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்காரர். தன் தெரு, தன் தொழில், தன் ஊர்க் கொச்சை, தன் உடம்பு ஆகியவற்றையே மூலதனமாக வைத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு மேடையை ஆண்டவர்.

சமையலறைத் தரை

1942 நவம்பர் 24 அன்று கிளாஸ்கோவின் ஆண்டர்ஸ்டன் பகுதியில், டோவர் தெருவிலிருந்த ஓர் அடுக்குக் குடியிருப்பில், சமையலறைத் தரையில் பிறந்தார் பில்லி. பல குடும்பங்களுக்கு ஒரே படிக்கட்டு. ஒருவர் வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். போர்க்காலம். தந்தை விமானப்படையில் சேர்ந்து பர்மாவில் இருந்தார். பில்லிக்கு நான்கு வயது இருக்கும்போது தாய் குழந்தைகள் இருவரையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். பில்லியையும் அக்காவையும் தந்தையின் சகோதரிகள் இருவர் பார்ட்டிக் பகுதிக்கு அழைத்துப் போய் வளர்த்தார்கள். அந்த வீட்டில் சோறு கிடைத்தது. கூடவே அடியும் ஏச்சும் கிடைத்தன.

15 வயதில் பள்ளிக்கூடம் முடிந்தது. புத்தகக் கடையில் டெலிவரிப் பையன், ரொட்டி வேனில் எடுபிடி என்று கொஞ்ச காலம் ஓடியது. அதன்பின் கிளாஸ்கோவின் ஏழைப் பையன்கள் பலரும் போன இடத்துக்கே அவரும் போனார்: கிளைடு ஆற்றங்கரையின் கப்பல் கட்டும் தளங்கள்.

லிண்ட்ஹவுஸ் பள்ளி

லிண்ட்ஹவுஸில் இருந்த அலெக்சாண்டர் ஸ்டீஃபன் நிறுவனத்தில் வெல்டிங் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். பயிற்சிக் காலம் ஐந்து வருடம். ஒரு காலத்தில் உலகக் கப்பல்களில் பெரும் பங்கைக் கட்டிய ஆறு கிளைடு. ஸ்காட்லாந்துக் குளிரில், கையை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் இரும்புத் தகட்டின் மேல் படுத்தபடியோ, ஆள் நுழைய முடியாத இடுக்குக்குள் குந்தியபடியோ பற்றவைக்க வேண்டும். முகமூடிக்குள் புகை. சுற்றிலும் சம்மட்டிச் சத்தம்.

அந்தச் சத்தம் ஓயும் டீ இடைவேளைகளில்தான் பில்லியின் உண்மையான படிப்பு நடந்தது. ஒவ்வொரு குழுவிலும் கதை சொல்வதில் பெயரெடுத்த ஒரு மூத்த தொழிலாளி இருப்பார். நேற்று மதுக்கடையில் நடந்ததை இன்று சொல்வார். உட்கார்ந்திருக்கும் இருபது பேருக்கும் அந்த மதுக்கடை தெரியும், கதையில் வரும் ஆளையும் தெரியும். ஆகவே பொய் கொஞ்சம் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். சுவாரசியம் கொஞ்சம் குறைந்தாலும் எழுந்து போய்விடுவார்கள். புதுப் பையன் வாயைத் திறந்தால் நாலு பக்கமும் கேலி பாயும். தாக்குப்பிடிக்க வேண்டுமானால் அதே வேகத்தில் திருப்பிக் கொடுக்கத் தெரிய வேண்டும். உலகத்தில் இதைவிடக் கண்டிப்பான பார்வையாளர்கள் ஒரு நகைச்சுவைக் கலைஞனுக்குக் கிடைக்க மாட்டார்கள். தன் நகைச்சுவை அங்கிருந்து வந்தது என்பதைக் கானலி வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்திருக்கிறார்.

அவர் தொழில் கற்ற லிண்ட்ஹவுஸ் தளம் 1968-இல் மூடப்பட்டது. கப்பல் கட்டும் தொழிலே கிளைடு கரையில் தேயத் தொடங்கியது. 1971-இல் அரசு கைவிட்ட தளங்களைத் தொழிலாளர்களே கையிலெடுத்து, வேலைநிறுத்தம் செய்யாமல், வேலை செய்தே போராடினார்கள். ஜிம்மி ரீட் என்ற தொழிற்சங்கத் தலைவரின் பெயர் உலகெங்கும் தெரிந்தது அப்போதுதான். அந்தப் போராட்டத்தை மனத்தில் வைத்து, ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலை ஒன்றைத் தொழிலாளர்கள் எடுத்து நடத்துவதாகக் கவிஞர் டாம் புக்கனோடு சேர்ந்து கானலி ஓர் இசை நாடகம் எழுதினார். 1972-இல் அது மேடையேறியது. பட்டறையை விட்டு அவர் வெளியே வந்துவிட்டார். பட்டறை அவரை விடவில்லை.

பாட்டுக்கு நடுவே

பட்டறையிலிருந்து அவரை வெளியே இழுத்தது பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவி. 1960-களில் கிளாஸ்கோவின் மதுக்கடைகளிலும் மன்றங்களிலும் நாட்டுப்புற இசை கொடிகட்டிப் பறந்தது. டாம் ஹார்வி என்ற கிட்டார் கலைஞரோடு சேர்ந்து 'ஹம்பிள்பம்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார் கானலி. பின்னால் புகழ்பெற்ற ஜெரி ராஃபர்ட்டி அதில் வந்து சேர்ந்தார். ராஃபர்ட்டி அருமையான பாடலாசிரியர். கானலியின் வேலை பாஞ்சோ வாசிப்பதும், அடுத்த பாட்டு என்ன என்று அறிவிப்பதும்.

அந்த அறிவிப்புதான் வளர ஆரம்பித்தது. ஒரு நிமிடம் ஐந்தாயிற்று, ஐந்து பத்தாயிற்று. பாட்டைவிட முன்னுரை நீண்டது. மக்கள் முன்னுரைக்காகவே வரத் தொடங்கினார்கள். கானலிக்கும் ராஃபர்ட்டிக்கும் இது தெரிந்தது. 1971-இல் மனக்கசப்பில்லாமல் பிரிந்தார்கள். தனியாகப் போய்ப் பேசு என்று ராஃபர்ட்டியே ஊக்கம் கொடுத்தார்.

பைபிளில் அச்சுப்பிழை

1974-இல் வெளிவந்த 'சோலோ கான்சர்ட்' இசைத்தட்டில் ஒரு நீண்ட கதை இருக்கிறது. கானலியின் கலையைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று போதும். இயேசுவின் கடைசி இராவுணவு கலிலேயாவில் நடக்கவில்லையாம், பைபிளில் அச்சுப்பிழையாம், அது கிளாஸ்கோவின் கேலோகேட் பகுதியில், சாரசன் ஹெட் என்ற மதுக்கடையில் நடந்ததாம். அந்தக் கடை உண்மையிலேயே அங்கே இருக்கிறது. சீடர்கள் குடித்துக்கொண்டு சளசளத்துக்கொண்டிருக்கிறார்கள். கதவைத் திறந்துகொண்டு 'பெரியவர்' வருகிறார். நாள் முழுக்க அற்புதங்கள் செய்து களைத்துப்போயிருக்கிறார். உட்கார்ந்ததும் ஒரு கோப்பை கேட்கிறார்.

ஷிஃப்ட் முடிந்து வந்த கப்பல் தொழிலாளி எப்படி நாற்காலியில் சரிவானோ அப்படிச் சரிகிறார் கானலியின் இயேசு. கதையில் கேலி இருக்கிறது; வெறுப்பு இல்லை. கத்தோலிக்கப் பையனாக ஞாயிறுதோறும் கேட்ட கதையைத் தன் தெருவுக்குக் கூட்டிவந்து, தன் ஆட்களின் வாயில் வைத்தார், அவ்வளவுதான். கிளாஸ்கோ சிரித்துச் சிரித்துப் புரண்டது. ஜாக் கிளாஸ் என்ற பாதிரியாருக்கு இது தெய்வநிந்தனை. கானலியின் அரங்குகளுக்கு வெளியே அவர் பதாகைகளோடு ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடத்தினார். கானலி அந்தக் கதையைக் கைவிடவில்லை. கிளாஸ்கோக்காரர்கள் அவரையே 'பெரியவர்' என்ற பொருளில் 'பிக் யின்' என்று அழைத்தார்கள்.

லண்டன் காது கொடுத்தது

1975-இல் பிபிசியில் மைக்கேல் பார்க்கின்சனின் பேட்டி நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. சனிக்கிழமை இரவில் நாடே பார்த்த நிகழ்ச்சி. அப்போது கானலியிடம் ஒரு கதை இருந்தது: மனைவியைக் கொன்று கொல்லைப்புறத்தில் புதைத்தவன், அவளுடைய பின்புறத்தை மட்டும் மண்ணுக்கு வெளியே விட்டுவைத்தான். ஏனென்றால் சைக்கிள் நிறுத்த இடம் வேண்டும். இந்தக் கதையை மட்டும் சொல்லிவிடாதே என்று மேலாளர் கெஞ்சினாராம். கானலி சொன்னார். இன்றைய காதுக்கு அந்தத் துணுக்கு நெருடும், நெருட வேண்டும். ஆனால் அன்று நடந்தது வேறு. தோள்வரை முடியும் தாடியும் வளர்த்த ஒரு வெல்டர், தன் உச்சரிப்பில் எதையும் மாற்றாமல், மன்னிப்பும் கேட்காமல் பேசியதை பிரிட்டன் முழுவதும் கேட்டது. மறுநாளிலிருந்து அவர் தேசத்துக்குத் தெரிந்த முகம். அதே ஆண்டு நவம்பரில் அவருடைய பகடிப் பாட்டு ஒன்று பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. வாழைப்பழம் போலச் செய்த மஞ்சள் பூட்ஸைப் போட்டுக்கொண்டு மேடையேறியதும் அந்த ஆண்டில்தான். கிளாஸ்கோ மக்கள் வரலாற்று அருங்காட்சியகமான பீப்பிள்ஸ் பேலஸ் பிற்காலத்தில் அந்த பூட்ஸைக் காட்சிக்கு வைத்தது.

அவர் பேச்சை எழுதி மனப்பாடம் செய்தவர் அல்ல. ஒரு கதையைத் தொடங்குவார். நடுவில் ஒரு பெயர் வரும். அந்த ஆளைப் பற்றி இன்னொரு கதை. அதற்குள் ஒரு பேருந்து வரும். அந்தப் பேருந்தில் ஒரு கிழவி. கேட்பவர்கள் முதல் கதையை மறந்தேபோயிருப்பார்கள். இருபது நிமிடம் கழித்து, ஒரே வரியில், தொடங்கிய இடத்துக்கு வந்து நிற்பார். சில நேரம் சொல்ல வந்ததை நினைத்துத் தானே சிரித்து, பேச முடியாமல் நிற்பார்; அரங்கம் அதற்கே சிரிக்கும். துணுக்கைத் திருடலாம், இதைத் திருட முடியாது. வரியை எடுத்துக்கொண்டு போகிறவனிடம் அந்த மனிதனின் தெருவும் மூச்சும் இருக்காதே! 1987-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலிலும் இதே கிளாஸ்கோ பேச்சுதான் ஒலித்தது.

குடி அவரைப் பிடித்திருந்தது. 1985-இன் கடைசி நாட்களில் அதை அடியோடு விட்டார். நகைச்சுவை நடிகையாக இருந்து பின்னாளில் உளவியலாளரான பமேலா ஸ்டீவன்சனை 1989-இல் மணந்தார். 1997-இல் 'மிஸஸ் பிரவுன்' திரைப்படத்தில் ஜூடி டெஞ்சின் விக்டோரியா மகாராணிக்கு எதிரே, ராணியின் ஸ்காட்லாந்துப் பணியாளர் ஜான் பிரவுனாக நடித்து, தனக்கு நடிக்கவும் தெரியும் என்று நிரூபித்தார்.

துன்பம் ஆசிரியர் ஆகுமா?

2001-இல் பமேலா எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தது. சிறுவயதில் பில்லியைத் தந்தையே பல ஆண்டுகள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார் என்ற உண்மை அதில்தான் வெளியே தெரிந்தது. தந்தை உயிரோடு இருந்தவரை கானலி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இதைப் படித்ததும் பலருக்கு ஒரு முடிவு தயாராக இருந்தது: அவ்வளவு வலிதான் அவரை நகைச்சுவைக் கலைஞர் ஆக்கியது என்று. சிரிக்க வைப்பவர் உள்ளுக்குள் அழுவார் என்று நாமும் எத்தனை கலைஞர்களைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறோம்! இந்த முடிவை நான் ஏற்கவில்லை. வன்முறைக்கு ஆளான குழந்தைகள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வன்முறை தந்தது காயம் மட்டுமே. குழந்தையைச் சிதைத்த ஒருவருக்கு அந்தக் குழந்தையின் கலையில் பங்கு கொடுப்பது அநியாயம். கானலிக்குக் கதை சொல்லக் கற்றுக்கொடுத்தவர்கள் கிளைடு கரைத் தொழிலாளர்கள். நேரம் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுத்தது நாட்டுப்புற இசை மேடை. மீதி அவருடைய உழைப்பு. புகழைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுப்போம்.

நோயும் மேடையும்

லாஸ் ஏஞ்சலிஸ் ஹோட்டல் ஒன்றில் அவர் நடந்துபோன விதத்தைக் கவனித்த ஒரு மருத்துவர், உடனே பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். 2013-இல் பார்க்கின்சன் நோய் உறுதியானது. அதே சமயத்தில் புரஸ்டேட் புற்றுநோயும் தெரியவந்தது. புற்றுநோயை அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள். பார்க்கின்சனை அகற்ற வழியில்லை. கானலி அதையும் மேடைக்குக் கொண்டுபோனார். சொன்ன பேச்சைக் கேட்காத கையையும் காலையும் பற்றி, பட்டறையில் சக தொழிலாளியைக் கேலி செய்யும் அதே தொனியில் பேசினார். சிந்தனையின் வேகம் பழையபடி இல்லை என்று உணர்ந்ததும், 2018-இல் மேடையிலிருந்து ஓய்வை அறிவித்தார்.

2010-இல் கிளாஸ்கோ நகரத்தின் உயரிய கௌரவம். 2017-இல் சர் பட்டம். 2022-இல் பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சி அகாடமியான பாஃப்டாவின் ஃபெலோஷிப். அவருடைய 75-வது பிறந்தநாளுக்குக் கிளாஸ்கோ மூன்று கட்டடச் சுவர்களில் அவர் உருவத்தைப் பிரம்மாண்டமாக வரைந்தது. அவற்றில் ஒன்று இருப்பது, இயேசுவை அவர் கூட்டிவந்த அதே கேலோகேட்டில்.

பிரிட்டனில் இன்று ஓர் இளைஞர் தன் ஊர்ப் பேச்சை மாற்றிக்கொள்ளாமல், கடன் வாங்காத கதையோடு ஒலிவாங்கி முன் நிற்கிறார் என்றால், அந்த உரிமைக்காக முதலில் அடி வாங்கியவர்களில் ஒருவர் பில்லி கானலி. அவருடைய பழைய மேடைப் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். முதல் பத்து நிமிடம் உச்சரிப்பு பிடிபடாமல் போகலாம். நிறுத்திவிடாதீர்கள், பதினோராவது நிமிடத்தில் நீங்களும் கிளாஸ்கோக்காரர்தான்.

(தொடரும்)

அடுத்த வாரம்: பியானோ முன் உட்கார்ந்த விக்டோரியா வுட்