பன்னும் டீயும் போதுமா? பழவேற்காட்டுக்குத் தெரிந்த பழைய காலை உணவு!

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கரையில் டீக்கடை பாய்லர் மட்டும் புகைந்துகொண்டிருக்கிறது. "அண்ணே, ரெண்டு பன்னு, ஒரு டீ. சீக்கிரம்ணே!" என்று குரல் கொடுத்துவிட்டு, வலையைத் தோளில் போட்டபடியே நிற்கிறார் ஒருவர். பன்னை டீயில் நனைத்து நாலு வாய். அவ்வளவுதான், படகு கிளம்பிவிடும். இன்னும் கொஞ்ச நேரத்தில் மீன் ஏலத்துக்குக் கூடையோடு பெண்கள் வருவார்கள். வீட்டில் தூங்கும் பிள்ளைகளுக்காக அவர்கள் வைத்துவிட்டு வந்திருப்பதும் பெரும்பாலும் ஒரு பிரெட் பாக்கெட்தான்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்கேதான் தொடங்கி ஆந்திராவுக்குள் நீள்கிறது. இறால், நண்டு, மடவை என்று ஏரி கொடுப்பதை நம்பிக் கரையோரத்தில் ஏராளமான குப்பங்கள். ஐரோப்பியர்களைச் சென்னைக்கு முன்பே பார்த்துவிட்ட ஊர் இது. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். ஆங்கிலேயர்கள் சென்னையில் இடம் வாங்கியதே 1639-ல்தான். ஆனாலும், வெள்ளைக்காரர்களின் ரொட்டி இந்த ஊர்க்காரர்களின் காலைச் சாப்பாடாக மாற இன்னும் முந்நூறு வருடங்களுக்கு மேல் ஆனது.

இந்திய அரசே 'மாடர்ன் பேக்கரீஸ்' என்ற நிறுவனத்தை 1965-ல் தொடங்கி, இயந்திரத்தில் ரொட்டி சுட்டு விற்றது. அந்த நிறுவனம் 2000-ல் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. அதற்குள் மெழுகுத்தாளில் சுற்றிய வெள்ளை பிரெட் நம் ஊர் பெட்டிக்கடைகள் வரை வந்து சேர்ந்துவிட்டது.

நம்மிடம் பிரெட்டுக்கு இன்னொரு மரியாதையும் உண்டு. அது நோயாளி உணவு! காய்ச்சல் என்றால் பாலும் பிரெட்டும். ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்கப் போனால் கையில் ஒரு பிரெட் பாக்கெட். இந்த மரியாதைதான் இப்போது வினையாகியிருக்கிறது. "சுகர் வந்துடுச்சு, அதனால சோத்தை நிறுத்திட்டு ராத்திரி நாலு பிரெட் மட்டும்தான் சாப்பிடுறேன்" என்று சொல்பவர் உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ நிச்சயம் இருப்பார். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர். அவர்களில் எத்தனை பேர் பிரெட்டைப் பத்திய உணவாக நினைத்துச் சாப்பிடுகிறார்களோ!

உண்மையில், உணவு எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதை அளக்கும் 'கிளைசீமிக் இண்டெக்ஸ்' கணக்கில், குளுக்கோஸுக்கு 100 என்றால் வெள்ளை பிரெட்டுக்கு சுமார் 75. வெள்ளைச் சோறும் ஏறக்குறைய அதே இடம்தான். ஆக, சோற்றை விட்டு பிரெட்டுக்கு மாறியவர் ஒரு படியும் இறங்கவில்லை. நாலு ஸ்லைஸ் பிரெட்டில் சுமார் 50 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நாக்குக்குத் தெரியாத அளவில் உப்பும், கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்தே வருகின்றன.

கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்டு மிச்சத்தை அரைத்தால் வருவது மைதா. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ம் ஆண்டு அட்டவணையைப் பார்த்தால் விஷயம் புரியும். 100 கிராம் முழுக்கோதுமை மாவில் 11 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. அதே அளவு மைதாவில் 3 கிராம்கூடக் கிடையாது.

மைதாவை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. டெல்லியில் பிரெட், பன் மாதிரிகளைச் சோதித்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பெரும்பாலானவற்றில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருப்பதாக 2016 மே மாதம் அறிவித்தது. மாவு நன்றாக உப்பி வரச் சேர்க்கும் பொருள்கள் இவை. புரோமேட் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்ததால், அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை போட்டது. அந்தக் கதை அதோடு முடிந்தது. மைதாவின் கதை முடியவில்லை.

"சரி, பிரவுன் பிரெட் வாங்கிக்கலாமே?" என்று கேட்கலாம். வாங்கலாம், பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு! எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் 'முழுக்கோதுமை மாவு' என்று இருந்தால் நல்லது. 'சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு' என்று இருந்தால் அது மைதாவேதான். பட்டியலின் கடைசியில் '150ஏ' என்ற எண் தென்பட்டால், அந்தப் பழுப்பு நிறத்தில் கேரமல் நிறமூட்டிக்கும் பங்கு உண்டு என்று அர்த்தம். மைதாவுக்குக் காக்கிச் சட்டை போட்டுவிட்டதால் அது போலீஸ் ஆகிவிடாது!

ஆனால், பழவேற்காட்டுக் குப்பத்துப் பெட்டிக்கடைக்கு நல்ல முழுக்கோதுமை பிரெட் தினமும் வருமா? வந்தாலும் விலை கட்டுப்படியாகுமா? இந்த இடத்தில்தான் நகரத்து ஆலோசனைகள் கால் வழுக்குகின்றன. ஓட்ஸ், குயினோவா, 'சோர்டோ' பிரெட் என்று பட்டியல் போடுவது சுலபம். இந்தக் குப்பங்களில் பிரெட் ஜெயித்ததற்குக் காரணம் ருசி இல்லை, நேரம்.

ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்பதை முறை வைத்துப் பங்கிடும் 'பாடு' என்ற பழைய ஏற்பாடு இங்கே உண்டு. தன் முறை வந்த நாளில் இட்லி வேகட்டும் என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஏலத்துக்குப் போகும் பெண்ணுக்கும் அதே அவசரம். நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, சட்னி அரைக்கச் சொல்லி அவரிடம் அறிவுரை சொல்வதில் நியாயமே இல்லை. அவருக்கு வேண்டியது, காலையில் கை வைக்கத் தேவையில்லாத ஒரு சாப்பாடு.

அப்படி ஒன்று இந்தக் கரையிலேயே இருக்கிறது. கேழ்வரகுக் கூழ்!

ராத்திரி வேலை, காலையில் ஓய்வு

வட தமிழ்நாட்டுப் பேச்சில் 'கேவுரு'. அம்மன் கோயிலில் ஆடி மாதம் ஊற்றும் கூழாகத்தான் இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியும். அவர்களுடைய தாத்தாக்களுக்கு அது அன்றாடக் காலை உணவு. வெங்காயத்தோடும் சுட்ட கருவாட்டோடும் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் தொழிலுக்குப் போவார்கள்.

செய்முறை பலருக்கு மறந்திருக்கும், கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். நாலு பேருக்கு ஒரு டம்ளர் கேழ்வரகு மாவு போதும். முதல் நாள் இரவு மாவைத் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து மூடி வையுங்கள். மறுநாள் மாலைக்குள் புளித்துவிடும். இரவுச் சமையலோடு சமையலாக, கால் டம்ளர் அரிசி நொய்யை நிறைய தண்ணீரில் குழைய வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் கருத்து, பளபளப்பு வரும். ஈரக் கையால் தொட்டுப் பாருங்கள். கையில் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. அப்படியே ஆறவிட்டு மூடிவிடுங்கள். காலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு உருண்டை எடுத்து, உப்பும் மோரும் விட்டுக் கரைக்க வேண்டும். பன்னை டீயில் நனைக்கிற நேரம்தான் ஆகும். தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டால் படகிலும் குடிக்கலாம்.

மாவு கடை பாக்கெட்டாக இல்லாமல், கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. சலிக்க வேண்டாம். கேழ்வரகின் நன்மையில் பெரும்பங்கு மேல்தோலில்தான் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் சுமார் 364 மில்லிகிராம், மைதாவில் சுமார் 20 மில்லிகிராம். நார்ச்சத்து முழுக்கோதுமை மாவுக்குச் சமம். புளிக்கவைப்பதால், தாதுச்சத்துகள் உடலில் சேரத் தடையாக இருக்கும் ஃபைட்டேட் குறைகிறது. வேகவைத்து ஆறவைப்பதால் மாவுச்சத்தின் ஒரு பகுதி சீக்கிரம் ஜீரணமாகாத வகையாக மாறுகிறது. பாட்டிமார்களுக்கு இந்தப் பெயர்களெல்லாம் தெரியாது. செய்முறை தெரிந்திருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கேழ்வரகு என்றாலே சுகர் ஏறாது என்று நினைத்துச் சொம்பு சொம்பாகக் குடித்தால் ஏறத்தான் செய்யும். நைசாக அரைத்து, தண்ணியாகக் கரைத்த கூழ் வேகமாகவே ஜீரணமாகும். சர்க்கரை நோயாளிகள் கெட்டியாக, அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும். கூடவே கீரையும் மீனும் இருக்கட்டும். கருவாடு ருசிதான், ஆனால் உப்பு மூட்டை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை விட்டுவிட்டு, ஏரி மீனையே குழம்பாகவோ வேகவைத்தோ தொட்டுக்கொள்வது நல்லது. சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கேழ்வரகுக்கு மாற வேண்டாம்.

பிள்ளைகள் குடிப்பார்களா?

நியாயமான கேள்வி. புளிப்புக் கூழைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் பிள்ளைகளே அதிகம். அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு ஓரளவு கவலையில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதற்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கிடைக்கிறது, சாம்பாரோடு. ஆறாம் வகுப்புக்குப் போன அக்காவும் அண்ணனும்தான் பிரெட் பாக்கெட்டிடம் மாட்டிக்கொள்கிறார்கள்.

அவர்களுக்கு அடை சரிவரும். கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை, நறுக்கிய வெங்காயம், உப்பு சேர்த்துப் பிசைந்து, தோசைக்கல்லில் தட்டி எடுப்பதுதான். சென்னாக்குன்னியை மண் போகக் கழுவி, வறுத்து, ஒரு கைப்பிடி சேர்த்தால் வாசனையே பிள்ளைகளை இழுத்துவந்துவிடும். இரவே சுட்டு வைத்தால் காலையில் சூடுபடுத்தினால் போதும். மடித்து டப்பாவில் வைக்கலாம், ஒழுகாது. பிரெட்டிடம் பிள்ளைகளுக்குப் பிடித்த வசதியும் அதுதானே! கம்பு மாவு கிடைத்தால் அதையும் பாதிக்குப் பாதி கலக்கலாம்.

பிரெட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் நாளும் வரும். கொடுங்கள், ஜாம் தடவி மட்டும் வேண்டாம். முந்தின நாள் மீனை முள் நீக்கி உதிர்த்து, மிளகுத்தூள் போட்டு வதக்கி இரண்டு ஸ்லைஸுக்கு நடுவே வையுங்கள். புரதம் சேரும்போது பசியும் கொஞ்சம் தாங்கும். நாலு ஸ்லைஸ் கேட்ட பிள்ளை இரண்டோடு நிறுத்திக்கொள்ளும்.

இதிலெல்லாம் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ரேஷனில் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். கேழ்வரகைக் காசு கொடுத்து வெளியில்தான் வாங்க வேண்டும். கடற்கரைக் குப்பத்தில் வயலும் கிடையாது. நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் மட்டும் 2023 மே மாதம், அரிசியில் 2 கிலோவைக் குறைத்துக்கொண்டு பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. மலையிலும் மேட்டுநிலத்திலும் கொடுக்க முடிந்ததைக் கரைக்கும் கொண்டுவந்தால், மீன்பாடு இல்லாத நாள்களில் கடனுக்குப் பன் வாங்கும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி.

அதுவரை, மாதச் சாமான் வாங்கப் பொன்னேரிக்கு பஸ் ஏறும்போது இரண்டு கிலோ கேழ்வரகையும் பையில் சேர்த்துக்கொள்ளலாம். நாலு பேர் குடும்பம் வாரத்தில் மூன்று நாள் கூழ் குடித்தால், அந்த இரண்டு கிலோ மூன்று வாரத்துக்கு மேல் வரும்.