237 டப்பா முறுக்கு

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறேன். 6 மணிக்கு ஒலிவாங்கி முன் உட்கார்ந்தால் 10 மணி வரை பேச்சுதான். வாரத்தில் ஒரு நாள் நேயர்கள் அழைத்துத் தங்கள் மனக்குறையைச் சொல்வார்கள். இணையத்தில் வாங்கிய காலணியில் ஒன்று 7, மற்றொன்று 8 என்பார் ஒருவர். வாங்கிய மூன்றே மாதத்தில் மின்விசிறி நின்றுவிட்டது என்பார் இன்னொருவர். "விட்டுவிடாதீர்கள், உங்கள் உரிமையைக் கேளுங்கள்" என்று தெம்பாகச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போடுவேன்.

அப்படிச் சொல்வது எவ்வளவு சுலபம் என்பது எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம் நின்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அது அம்மா வாங்கிய இயந்திரம். 8 கிலோ, முன்பக்கம் கதவு வைத்தது. விலை 1,899 வெள்ளி. "என் கிரெடிட் கார்டில் போட்டுவிடலாம்மா, 12 மாதத் தவணை, வட்டி கிடையாது" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்பது அவருடைய தொழில். இரண்டு தீபாவளி வருமானத்தில் மிச்சம் பிடித்த பணத்தை டிசம்பர் மாதத்தில் கடைக்கு எடுத்துப் போய், எண்ணிக் கொடுத்து வாங்கினார். முதல் நாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடிக் கதவு வழியே துணி சுற்றுவதை முழுதாக உட்கார்ந்து பார்த்தார். ரப்பர் தோட்டத்து லயத்தில் குழாயடிக் கல்லில் துவைத்து வளர்ந்தவர். 64 வயதில், தன் காசில், தனக்கென்று வாங்கிய முதல் பெரிய பொருள் அது.

நான்காவது மாதம் அது நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர், சோப்பு, ஊறிய துணி. தொட்டி மட்டும் சுற்றவில்லை.

இன்று வரும், நாளை வரும்

கடைக்குப் போன் செய்தேன். "எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தயாரிப்பாளரின் சேவை மையத்தைக் கேளுங்கள்" என்றார்கள். சேவை மையத்தை அழைத்தால் இசைதான் கேட்டது. நான்காவது முறை ஒருவர் எடுத்து, பழுது பார்ப்பவர் வியாழக்கிழமை காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள் வருவார் என்றார். வேலைக்குப் போகிறவர்கள் அந்த ஒன்பது மணி நேரம் என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. விடுப்பு எடுத்துக் காத்திருந்தேன். அவர் வெள்ளிக்கிழமை வந்தார்.

திறந்து பார்த்துவிட்டு மோட்டார் போய்விட்டது என்றார். உதிரிபாகம் சொல்லிவிட்டிருப்பதாகத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரும் என்றார்கள். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். ஐந்தாவது வாரம் கதை மாறியது. "நீங்கள் அளவுக்கு மீறித் துணி போட்டிருக்கிறீர்கள். அதற்கு வாரண்டி கிடையாது. மாற்ற வேண்டுமானால் 680 வெள்ளி ஆகும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரிங்க, யோசித்துச் சொல்கிறேன்" என்று போனை வைத்துவிட்டேன். ஊடகத்துறையில் பட்டம் பெற்றவள், தினமும் நான்கு மணி நேரம் வானொலியில் பேசுகிறவள்! சண்டை போடுகிறவள் என்று பெயர் எடுக்க வேண்டாமே என்ற தயக்கம். போகிற நேரத்துக்குப் பதிலாகக் காசையே கொடுத்துவிடலாம் என்ற அலுப்பு வேறு.

"நானே கட்டிவிடுகிறேன்மா, 680 வெள்ளிதானே" என்றேன்.

அம்மா சமையல் மேசையில் முறுக்கு அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, ரேடியோவில ஊருக்கே நியாயம் சொல்ற. அந்தக் கடைக்காரன்கிட்ட நாலு வார்த்தை பேச முடியலையா?" என்றார். பிறகு ஒரு கணக்குச் சொன்னார். ஒரு டப்பா முறுக்கு 20 வெள்ளி. மாவு, எண்ணெய், கேஸ், டப்பா எல்லாம் போகக் கையில் நிற்பது 8 வெள்ளி. 1,899 வெள்ளி என்றால் 237 டப்பா. "ஒவ்வொண்ணும் என் கையால பிழிஞ்சது. உனக்கு அது ரெண்டாயிரம் வெள்ளி. எனக்கு 237 டப்பா."

அதற்குமேல் எனக்குப் பேச வாய் வரவில்லை.

பிஸ்கட் டின்னும் ஒரு நோட்டும்

எங்கள் வீட்டு அலமாரியில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. பல வீடுகளில் அதைத் திறந்தால் ஊசியும் நூலும்தான் இருக்கும். அம்மாவின் டின்னில் ரசீதுகள். அதுவும் ஒவ்வொரு ரசீதுக்கும் ஒரு நகல். கடைகளில் இப்போது தரும் பளபளப்பான ரசீது வெப்பத்தில் அச்சாவது. சில மாதங்களில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். ஒரு முறை அப்படி ஏமாந்த பிறகு, பெரிய பொருள் எது வாங்கினாலும் அன்றே 20 காசு கொடுத்து நகல் எடுத்துவிடுகிறார். சலவை இயந்திரத்தின் ரசீது, வாரண்டி அட்டை, அந்தப் பழுது பார்ப்பவர் எழுதிய தாள் எல்லாம் அந்த டின்னில் இருந்தன.

கூடவே ஒரு பள்ளி நோட்டு. நான் போன் செய்த ஒவ்வொரு நாளையும் அம்மா அதில் குறித்து வைத்திருந்தார். தேதி, நேரம், யார் பேசினார், என்ன சொன்னார். அதற்குக் கீழே டோபி கடைச் செலவு. நாணயம் போட்டுத் துவைக்கும் கடையில் துவைக்க 6 வெள்ளி, காயவைக்க 6 வெள்ளி.

அந்த நோட்டைப் புரட்டியபோது என் கணக்கையும் எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றியது. "இப்போது வாங்கு, பிறகு கட்டு" வகையில் எனக்கு மூன்று தவணைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு ஹெட்போன் 89 வெள்ளி, ஒரு கைப்பை 65 வெள்ளி 50 காசு, ஒரு கைத்தொலைபேசி 120 வெள்ளி. மாதம் 274 வெள்ளி 50 காசு. தனித்தனியாகப் பார்த்தபோது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டியபோது கொஞ்சம் உறைத்தது. அன்றிலிருந்து நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.

5 வெள்ளிக் கட்டணம்

நிகழ்ச்சியில் பெயரளவில் சொல்லிவந்த ஒன்றை முதல் முறையாக உட்கார்ந்து படித்தேன். நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அச்சட்டம் விற்பனையாளர் மீது வைக்கும் பொறுப்பு. ஆகவே "தயாரிப்பாளரைக் கேளுங்கள்" என்று சொல்லிக் கடை கைகழுவிவிட முடியாது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையும் அந்தப் பொறுப்பை அழித்துவிடாது.

அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்ததுதான் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். சொந்த, குடும்ப உபயோகத்துக்கு வாங்கிய பொருள் அல்லது சேவை பற்றி 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். பிரச்சினை எழுந்து 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, அவரவரே பேச வேண்டும். முதல் பாரத்தைப் பூர்த்தி செய்து பதிந்தபின் ஒரு பிரதியைக் கடைக்கு நேரிலோ பதிவு அஞ்சலிலோ சேர்க்க வேண்டும். அவர்கள் 14 நாளில் பதில் தர வேண்டும்.

பாரத்தை நிரப்பும்போதுதான் ஒன்று உறைத்தது. ரசீதில் இருப்பது அம்மாவின் பெயர். வாங்கியவர் அம்மா. பேச வேண்டியவரும் அம்மாதான்.

கொல்லைப்புறத்து மாலைகள்

விசாரணை தேதிக்குக் காத்திருந்த நாட்களில் டோபி கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டோம். போர்வை, துண்டு மட்டும் அங்கே. மற்றதெல்லாம் வீட்டுக் கொல்லைப்புறத்தில், இரண்டு வாளி வைத்து. மாலை 6 மணிக்கு வெயில் தணிந்ததும் அம்மா சிறு முக்காலியில் உட்கார்ந்து துவைப்பார். நான் அலசிப் பிழிந்து கொடியில் போடுவேன்.

கையால் துவைப்பது சுகம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு முட்டி வலி. எனக்கு இரண்டே நாளில் விரல் தோல் உரிந்தது. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஓடுகிற எனக்கு, அம்மாவோடு அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. குழாயடியில் வாளி வரிசைக்கு நடந்த சண்டைகளையும், ஞாயிற்றுக்கிழமை பால்மர வேலை முடிந்து பாட்டி துவைக்கப் போகும் கதையையும் அங்கேதான் கேட்டேன். துணி காயப்போட்டு முடிந்ததும் இஞ்சி தட்டிப் போட்ட டீ. உடைந்துபோய் விற்க முடியாத முறுக்குத் துண்டுகள். அந்த டீயின் ருசி எந்த உணவகத்திலும் கிடைத்ததில்லை.

அம்மாவின் வாதம்

ஆகஸ்டு மாதம் விசாரணை. நீதிமன்றம் மாதிரி இருக்கும் என்று பயந்து போனோம். ஒரு மேசை, தலைவராக ஒரு பெண்மணி, எதிரே கடையின் ஊழியர் ஒருவர். அவ்வளவுதான். முதல் நாள் இரவு நான் அம்மாவுக்கு நல்ல மலாயில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். அம்மா அதைக் கைப்பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

அளவுக்கு மீறித் துணி போட்டதால்தான் பழுது என்றார் ஊழியர். அம்மா தன் பாசார் மலாயில் பதில் சொன்னார். "புவான், வீட்டில் இரண்டு பேர். 8 கிலோ துணிக்கு நாங்கள் எங்கே போவது?" பிறகு டின்னிலிருந்த அந்தத் தாளை மேசையில் வைத்தார். மோட்டார் பழுது, உதிரிபாகம் கோரப்பட்டுள்ளது என்று முதல் வருகையிலேயே எழுதிக் கையெழுத்திட்ட தாள். அளவுக்கு மீறிய துணி பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அடுத்து நோட்டைத் திறந்தார். அது தமிழில் இருந்ததால் ஒவ்வொரு தேதியாக அவரே படித்துச் சொன்னார்.

ஊழியர் சற்று வெளியே போய் முதலாளியோடு போனில் பேசிவிட்டு வந்தார். இரு தரப்பும் பேசித் தீர்க்க விருப்பமா என்று தலைவர் கேட்டார். 1,899 வெள்ளியும் திரும்பத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். முடிந்தது என்று நான் எழுந்திருக்கப் போனேன். அம்மா உட்கார்ந்தே இருந்தார். "டோபி கடை 21 தடவை, 252 வெள்ளி" என்றார். கடைசியில் அதில் பாதி என்று முடிவானது. மொத்தம் 2,025 வெள்ளி. மன்றத்தின் உத்தரவாகப் பதிவான தீர்வு. 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். பன்னிரண்டாவது நாள் பணம் வந்தது.

இப்போது வீட்டில் வேறு கடையில் வாங்கிய வேறு இயந்திரம். அதை வாங்குமுன் அம்மா கேட்ட கேள்விகளில் விற்பனையாளருக்கு வியர்த்துவிட்டது. உதிரிபாகம் எங்கிருந்து வரும்? பழுதென்றால் எந்த எண்? முகவரி என்ன? எல்லாவற்றையும் எழுதி வாங்கினார். ரசீதின் நகல் அன்றே டின்னுக்குள் போய்விட்டது. சேலைகளை மட்டும் இன்னும் கையால்தான் துவைக்கிறார். அதனால் எனக்கும் வாரம் ஒரு மாலை கொல்லைப்புறத்தில் இடம் இருக்கிறது.

நிகழ்ச்சியில் நேயர்களின் மனக்குறை தொடர்கிறது. "உரிமையைக் கேளுங்கள்" என்று நான் இப்போது உடனே சொல்வதில்லை. "ரசீது இருக்கிறதா? நகல் எடுத்தீர்களா? பழுது பார்க்க வந்தவர் எழுதிக் கொடுத்தாரா? எந்தத் தேதியில் யாரிடம் பேசினீர்கள்?" என்று கேட்கிறேன். பெரும்பாலோர் ஒரு நிமிடம் மௌனமாகிவிடுவார்கள். போன வாரம் ஓர் அக்காள் மட்டும், "இருங்கம்மா, நோட்டை எடுத்துட்டு வரேன்" என்றார். வானலையில் ஏழெட்டு வினாடி வெறும் அமைதி. வானொலியில் அது பெரிய குற்றம். நான் பாட்டு போடாமல் அவருக்காகக் காத்திருந்தேன்.