விருந்தினர் அனைவருக்கும் ஒரே கோப்பை

வங்கிப் பணியாளர் இல்லங்களுக்கு இடமாற்றம் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆணை வரும். அதனைத் தொடர்ந்து வழியனுப்பு விருந்தும் வரும். புவனேஸ்வரில் நாங்கள் பணியாற்றிய காலத்தில் அத்தகைய விருந்துகள் பலவற்றில் கலந்துகொண்டோம். மது அருந்துவோருக்கு அழகிய கண்ணாடிக் கோப்பைகளும் தனிக் கவனிப்பும் இருக்கும். அருந்தாதவர்களுக்கோ, புட்டியில் அடைத்த குளிர்பானம் காகிதக் குவளையில் ஊற்றித் தரப்படும்.

எங்களுடன் பணியாற்றிய மூத்த அலுவலர் ஒருவர், மருத்துவரின் அறிவுரைப்படி மதுவை அறவே விட்டிருந்தார். விட்டதைக் காட்டிலும் அவருக்குக் கடினமாக இருந்தது, "ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு விருந்திலும் விடை சொல்வதுதான். நாளடைவில் அவர் விருந்துகளுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். எங்கள் இல்லத்தில் விருந்து வைக்கும் முறை வந்தபோது, அவர் தயங்காமல் வரவேண்டும் என்பதே எங்கள் முதற் கவலையாயிற்று. நாங்கள் கண்ட வழி எளியது. அன்று அனைவருக்கும் மதுவில்லாப் பானமே. ஆனால், எவரும் அதனைக் குறையாக எண்ணாதவாறு அமைய வேண்டும்.

தேடத் தொடங்கியபின், இத்தகைய பானங்களுக்கு நம் நாட்டில் பஞ்சமே இல்லை என்பது விளங்கிற்று. நாம் சித்திரைத் திருநாளைக் கொண்டாடும் வேளையில், ஒடிசாவில் பணா சங்கராந்தி வருகிறது. வில்வப் பழக் கூழை நீரில் கரைத்து, இனிப்பும் மிளகும் சேர்த்த பணாவே அந்நாளின் சிறப்பு. பீகாரில் வறுத்த கடலை மாவாகிய சத்துவை நீரில் கலந்து, எலுமிச்சையும் உப்பும் சீரகமும் சேர்த்துப் பருகுகின்றனர். உத்தராகண்டில் அம்மாநில மரமான புராம்சின் செந்நிற மலர்களிலிருந்து சர்பத் செய்கின்றனர். கொங்கணக் கரையில் கோகம் பழத்தோல். வட இந்தியாவின் அனல்காற்றுக்கு மாங்காயில் செய்யும் ஆம் பன்னா. நம் ஊர்ப் பானகமும் நன்னாரி சர்பத்தும் இவ்வரிசையில் எவற்றுக்கும் இளைத்தவை அல்ல.

இவற்றைப் பருகிப் பார்த்ததில் ஓர் உண்மை புலப்பட்டது. இனிப்பு மட்டும் உள்ள பானத்தை ஒரே மூச்சில் குடித்து முடித்துவிடுகிறோம். இரண்டாம் குவளை திகட்டிவிடுகிறது. புளிப்பு, துவர்ப்பு, காரம், நறுமணம் ஆகியவையும் அளவாகச் சேர்ந்தால்தான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பேசியபடியே மெல்ல மெல்லப் பருக முடியும். விருந்துக்கு வேண்டியது அத்தகைய பானமே. புளிப்புக்கு எலுமிச்சை, மாங்காய், கோகம். துவர்ப்புக்குப் பால் சேர்க்காத ஆறிய தேநீர். காரத்துக்கு இஞ்சி, சுக்கு, மிளகு. மணத்துக்குப் புதினா, ஏலம். அனைத்தும் நம் அடுக்களையிலும் அருகிலுள்ள கடையிலும் கிடைப்பவையே.

அன்று நாங்கள் செய்தவற்றுள் இரண்டினை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

கோகம் தேநீர்ப் பானம்: உலர்ந்த கோகம் தோல் பதினைந்தினை ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டவும். அச்சாற்றில் அரைக் கோப்பை சர்க்கரை சேர்த்து, கரையும் வரை கொதிக்கவைத்து ஆறவிடவும். வறுத்த சீரகப் பொடியும் கருப்பு உப்பும் ஒவ்வொரு சிட்டிகை சேர்க்கவும். ஒரு குவளைக்கு இச்சாறு மூன்று மேசைக்கரண்டி, ஆறிய தேநீர் கால் கோப்பை, பனிக்கட்டி; பின்னர் சோடாவால் நிரப்பவும்.

சோடாப் பானகம்: 150 கிராம் வெல்லத்தை அரை லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டவும். கால் தேக்கரண்டி சுக்குப் பொடி, தட்டிய ஏலக்காய் இரண்டு, ஒரு எலுமிச்சையின் சாறு சேர்த்துக் குளிரவைக்கவும். பரிமாறும்போது சம அளவு சோடா கலந்து, மேலே புதினாத் தளிர் ஒன்றினை வைக்கவும்.

பெரிய பனிக்கட்டிகள் மெதுவாகக் கரைவதால், பானம் விரைவில் நீர்த்துப்போகாது. சோடாவை இறுதியில், குவளையின் ஓரமாக ஊற்றினால் குமிழிகள் நிலைக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இனிப்பையும், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பையும் அவர்களைக் கேட்டறிந்து குறைத்துக்கொள்வது நலம். வெல்லத்திலும் சர்க்கரை உண்டு என்பதை மறத்தல் கூடாது.

அன்று மாலை அந்த மூத்த அலுவலர் சற்றுத் தாமதமாகவே வந்தார். வாயிலில் நின்றபடியே அறையை ஒருமுறை நோக்கினார். எல்லார் கையிலும் ஒரே விதமான உயர்ந்த கண்ணாடிக் குவளை. அதனுள் செந்நிறக் கோகம். தமக்கும் ஒன்றினைப் பெற்றுக்கொண்டு, வழக்கமாக நிற்கும் ஓரத்தை விடுத்து நண்பர்கள் நடுவே சென்று அமர்ந்தார். எவரும் எதனையும் கேட்கவில்லை. இறுதி விருந்தினராக விடைபெற்றவர் அவர்தான். போகும்போது கோகத்தின் அளவை ஒரு தாளில் குறித்துச் சென்றார்.

சில மாதங்களுக்குப்பின் எங்களைத் தம் இல்லத்துக்கு அழைத்தார். பல ஆண்டுகளுக்குப்பின் அவர் இல்லத்தில் நிகழ்ந்த முதல் விருந்து அது எனப் பின்னர் அறிந்தோம். வில்வப் பழத்தைத் தம் கையாலேயே பிசைந்து, வடிகட்டி, மிளகு தூவி வைத்திருந்தார். சுவையில் அது எங்கள் பானங்களை விஞ்சி நின்றது.

மது வேண்டாதவர்கள் நம் விருந்துகளுக்குப் பல காரணங்களால் வருகிறார்கள். உடல்நலம், சமயம், வாகனம் ஓட்டவேண்டிய பொறுப்பு, விட்டொழிக்க மேற்கொண்ட உறுதி என ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. அதனைக் கேட்டறிய வேண்டிய தேவை நமக்கில்லை. அடுத்த முறை நண்பர்களை அழைக்கும்போது, அவர்களுக்காக அரை மணி நேரம் ஒதுக்கி, நல்ல பானம் ஒன்றினை நாமே செய்து, இருப்பதிலேயே அழகிய கோப்பையில் ஊற்றித் தருவோம்.