ஊரார் சொல்ல, மாணவர் எழுத

மதுரைக்கு அருகே, மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியை அறிவீர்களா? அங்கும் மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேர் நிலம், 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று. 2024இல் இவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் நடந்தது. ஊரார் எதிர்க்கவே, 2025 ஜனவரியில் அது ரத்தாயிற்று.

இப்படி வாதாட, தன்னிடம் என்னென்ன உயிர்கள் உள்ளன என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. ஊராரைக் கேட்டு அதைத் தயாரிக்கும் பொறுப்பை, 2002ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சியின் பல்லுயிர்க் குழுவுக்கு அளித்திருக்கிறது. மாணவர்களும் இதில் உதவலாம்.

ஆடு மேய்க்கும் பெரியவருக்குச் செடி எந்தப் பாறையிடுக்கில், எந்த மாதம் முளைக்கும் என்று தெரியும். உங்கள் ஆசிரியருக்கு அதன் தாவரவியற் பெயர் தெரியும். நடுவே நோட்டுடன் நில்லுங்கள். ஊர் வழக்குப் பெயரையே முதலில் எழுதி, இடமும் தேதியும் குறித்து, இலையை வரைந்துகொள்ளுங்கள். மருந்து முறையை மட்டும், சொன்னவர் சம்மதித்தாலன்றி எழுதாதீர்கள்.