இரவலில் வாழ்ந்த நாவல்

பிறர் கைக்குப் போன புத்தகம் போனதுதான் என்று எச்சரிக்கும் முதுமொழி நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதனை நம்பி அலுமாரிக்குப் பூட்டுப் போட்டவர்களும் உளர். ஆயினும், ஈழத்துத் தமிழ் வாசகரின் வரலாற்றைச் சற்றே ஊன்றி நோக்குவோமாயின் வேறோர் உண்மை புலனாகும். பூட்டி வைத்த புத்தகங்களினால் அன்று, இரவல் போன புத்தகங்களினாலேயே நமது வாசிப்பு வளர்ந்தது. அதிலும் நாவல் என்னும் இலக்கிய வகை நம் இல்லங்களுக்குள் புகுந்தது, கைமாறிக் கைமாறி ஓரம் கிழிந்த பழம் பிரதிகளின் தோளில் ஏறியே என்றால் அது மிகையாகாது.

இதற்குத் தக்க சான்று ‘பொன்னியின் செல்வன்’. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் இந்நாவல் 1950-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ‘கல்கி’ வார சஞ்சிகையில் தொடங்கி, 1954-ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறைவெய்தியது. அதே ஆண்டு டிசெம்பரில் ஆசிரியர் மறைந்தார். இன்று ஐந்து பாகங்களாகக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் இந்நூல், அன்று வாரந்தோறும் சில பக்கங்களாகவே வாசகரை வந்தடைந்தது. மூன்றரை ஆண்டுகள் காத்திருந்து படித்தவர்கள், படித்ததோடு விட்டுவிடவில்லை. சஞ்சிகையிலிருந்து அத்தாள்களைக் கவனமாகக் கழற்றி, வரிசைப்படுத்தி, குத்தூசியால் துளையிட்டு, நூல் கோத்துத் தைத்து, தடித்த மட்டை போட்டுக் கட்டுவித்தனர். எழுதியவர் ஒருவர், அச்சிட்டவர் ஒருவர், ஆனால் அதனைப் புத்தகமாக்கியவர் வாசகரே அன்றோ!

இத்தகைய கட்டொன்றை விரித்துப் பார்த்தவர்க்கு அதன் இயல்பு தெரியும். ஓவியர் மணியம் வரைந்த வந்தியத்தேவனும் குந்தவையும் ஒரு பக்கத்தில் நிற்பர். தாளின் மறுபுறத்தில் ஏதோ ஒரு தலைவலி மருந்தின் விளம்பரம் இருக்கும். வேறொருவர் எழுதிய கட்டுரையின் வால் மட்டும் எஞ்சியிருக்கும். ஒரு வாரத்துச் சஞ்சிகை கிடைக்காது போயிருந்தால் கதையில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அதனைத் தாண்டுவதற்கு முன்னர் படித்த ஒருவரைத் தேடிப் போய், இடையில் நடந்ததென்ன என்று கேட்டறிய வேண்டும். இவ்வாறு ஒரு குறையே இரு வாசகரைச் சந்திக்க வைத்தது. எந்த இரு கட்டுகளும் ஒன்றுபோல இருக்கமாட்டா.

நாவல் ஐந்து பாகங்களாக அமைந்தமையும் இரவலுக்கு வாய்ப்பாயிற்று. முதற் பாகத்தை முடித்தவர் அதனை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு இரண்டாம் பாகத்தைத் தேடலாம். ஒரே காலத்தில் ஐந்து வீடுகளில் ஒரு கதை நடந்துகொண்டிருக்கும். இடையில் ஒருவர் மூன்றாம் பாகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தாமதிப்பாராயின், அவருக்குப் பின்னால் நிற்போரின் பொறுமை சோதிக்கப்படும். அன்றியும், இரண்டாம் பாகத்தின் களம் பெரும்பகுதி நமது இலங்கையே. கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகு கடலைக் கடந்து வருகிறது. மாதோட்டமும் தம்பளையும் அநுராதபுரமும் கதையில் இடம்பெறுகின்றன. நாம் அறிந்த ஊர்ப் பெயர்களை நாவலில் காண்பது தனியோர் இன்பமாயிற்று.

இந்த இன்பத்துக்கு ஒரு விலை இருந்தது என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. தமிழகச் சஞ்சிகைகளின் பெருக்கில் ஈழத்து எழுத்து அமிழ்ந்துபோகிறது என்று ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நமது முற்போக்கு எழுத்தாளர்கள் குரல் எழுப்பினர். அக்குரலில் நியாயம் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் அச்சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உள்ளூர் நாவல்கள் தலையெடுத்தன. வீரகேசரிப் பிரசுரங்களாக அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யும் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்’றும் 1973-ஆம் ஆண்டில் வெளிவந்து, வன்னிக் காட்டையும் நெடுந்தீவுக் கடற்கரையையும் வாசகர் முன் நிறுத்தின. சோழ இளவரசர்களின் கதையைச் சுமந்து பழகிய கைகள் இந்நாவல்களையும் ஏற்றுக்கொண்டன. இரவல் என்னும் பாதை ஒன்றே. அதில் நடந்த நூல்கள்தாம் மாறின.

இப்பாதை வீட்டுப் படலையோடு நின்றுவிடவில்லை. ஊர்தோறும் எழுந்த வாசிகசாலைகள் அதன் விரிவேயாம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தோற்றமே இதற்குச் சான்று பகரும். 1933-ஆம் ஆண்டில் கே. எம். செல்லப்பா என்பவர் தமது இல்லத்திலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் ஆஸ்பத்திரி வீதியில் சிறியதோர் இடத்தில் 844 நூல்களுடன் அம்முயற்சி நூலகமாயிற்று. ஒரு மனிதரின் இரவற் கொடையிலிருந்து முளைத்த அந்நூலகம் 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைத்த செல்வம் ஓர் இரவில் அழிந்தது. வீடுகளிற் சிதறிக் கிடந்த பிரதிகள் எஞ்சின. பாதுகாப்பு என்பது பூட்டில் மட்டும் இல்லை, பரவலிலும் உண்டு என்னும் கொடிய பாடத்தை அன்று நாம் கற்றோம்.

பின்னர் 1990-களில் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. ஜாம் போத்தலில் பஞ்சையும் சிறிதளவு எண்ணெயையும் இட்டுச் செய்த விளக்கே வீட்டுக்கு ஒளி. நாளிதழ்கள் கோடிட்ட கொப்பித் தாள்களில் அச்சாகும் அளவுக்குக் கடதாசிக்குப் பஞ்சம். புதிய நாவல் எங்கிருந்து வரும்? இருந்த பழையவையே மீண்டும் வீடு வீடாக நடந்தன. 1995-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆந் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, கையிற் பிடித்ததைக் கொண்டு மக்கள் புறப்பட்டனர். அலுமாரிகள் பின்னால் நின்றன. அன்று இழந்த நூல்களுக்குக் கணக்கு இல்லை.

இன்று நிலைமை வேறு. கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டபின் பதிப்பாளர் பலர் ‘பொன்னியின் செல்வ’னை அச்சிட்டுள்ளனர். 2022-இலும் 2023-இலும் அது இரு பாகத் திரைப்படமாகவும் வந்தது. புத்தம்புதிய பிரதி எளிதாகக் கிடைக்கும்போது, மஞ்சளித்துப் பொடியும் பழைய கட்டு எதற்கு என்று கேட்பாரும் உண்டு. கதைக்காக அன்று, வாசகருக்காக. முதற் பக்கத்தில் ஒரு பெயர், அதனை அடித்துவிட்டு இன்னொரு பெயர், ஒரு பாடசாலையின் முத்திரை, ஓரத்தில் பென்சிற் கோடு, தேநீர்க் கறை: இவையெல்லாம் நம் முன்னோர் என்ன படித்தனர், எங்கே நின்று வியந்தனர் என்பதற்கான சாட்சியங்கள். இலக்கிய வரலாற்று நூல்கள் எழுதியவரைப் பற்றிப் பேசும். படித்தவரைப் பற்றிப் பேசுபவை இக்கட்டுகளே.

ஈழத்து நாவல்களின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. குறைந்த எண்ணிக்கையில் ஒருமுறை அச்சாகி, மறுபதிப்புக் காணாதவை பல. அவற்றுள் ஒரு பிரதி பழைய கடதாசியாக நிறுக்கப்படும்போது, அதுவே கடைசிப் பிரதியாக இருத்தலும் கூடும். 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் இத்தகைய நூல்களை மின்வருடி யாவர்க்கும் இலவசமாக வழங்கி வருகிறது. அதுவும் ஒருவகை இரவலே. கொடுத்தவரிடமும் நூல் இருக்கும், பெற்றவரிடமும் இருக்கும்.

ஆதலின் ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டில் முதியவர் மறைந்தபின்னோ, குடும்பம் வெளிநாடு செல்லும்போதோ வெளியே வரும் பழைய நூற்பெட்டியை நிறுவைக்குக் கொடுக்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். அரிய ஈழத்து நூலாயின் அதனை முதலில் மின்வருடச் செய்யுங்கள். எளிதிற் கிடைக்கும் நாவலாயின் அதனைப் பூட்டி வைக்க வேண்டாம். கடைசி மட்டையின் உட்புறத்தில் ஒரு வெற்றுத்தாளை ஒட்டி, வகுப்பில் விட்டுவிடுங்கள். படித்து முடித்த மாணவர் தம் பெயரையும் திகதியையும் எழுதி அடுத்தவரிடம் கொடுக்கட்டும். சில வேளை நூல் திரும்பி வராது. வராவிட்டால் என்ன? அது எங்கோ ஒரு வீட்டில் படிக்கப்படுகிறது என்பதே பொருள்.