மேடு பள்ளம் காட்டும் எண்கள்

நிலத்தின் நீளத்தையும் அகலத்தையும் சங்கிலி பிடித்து அளந்துவிடலாம். அதன் மேடு பள்ளங்களை அளப்பதோ அத்துணை எளிதன்று. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ப்டன் என்பார் சென்னைப் பரங்கிமலையருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்து, பெருநில அளவையைத் தொடங்கினார். அப்பணி வடக்கே இமயம் வரை சென்றது. எவரெஸ்டுக் கொடுமுடியின் உயரம் 29,002 அடி என 1856-இல் அறிவிக்கப்பெற்றது. 2020-இல் நேபாளமும் சீனமும் கூடி அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். இரண்டற்கும் வேறுபாடு ஏறத்தாழ 30 அடியே! நூறு கல்லுக்கு அப்பால் நின்று நோக்கிக் கணித்தவர்களின் திறமையை என்னென்பது!

ஆயினும், அவர்கள் அளந்தவை குறித்த சில இடங்களையே. எஞ்சிய நிலத்தை அளக்கும் வழி வானிலிருந்து கிடைத்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 'எண்டெவர்' என்னும் விண்ணோடம் அறுவரைத் தாங்கிப் புவியைச் சுற்றியது. அதன் உள்ளே ஓர் ஏற்பி. 60 மீட்டர் நீண்ட கழியின் முனையில் மற்றோர் ஏற்பி. விண்ணோடம் விடுத்த ரேடார் அலைகள் நிலத்திற் பட்டு மீளுங்கால் இரண்டும் அவற்றை வாங்கின. அவற்றிடையே தோன்றிய நுண்ணிய வேறுபாட்டிலிருந்து அவ்விடத்தின் உயரம் கணிக்கப்பட்டது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். ஏற்பிகள் இரண்டு வேண்டியதன் காரணம் விளங்கும். 11 நாளில் உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு 80 பங்கு அளக்கப்பட்டது. பின்னர் நிலம் சுமார் 30 மீட்டர்க் கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, கட்டத்துக்கு ஓர் எண் குறிக்கப்பட்டது.

இவ்வெண்களை எவ்வளவு நம்பலாம்? நூற்றுக்கு 90 இடங்களில் பிழை 16 மீட்டருக்கு மிகலாகாது என்பது வகுத்த இலக்கு. உண்மைப் பிழை பெரும்பாலும் அதனினும் குறைவே. மலைக்கு இது பெரிதன்று. கடலோரச் சமவெளிக்கோ இரண்டு மீட்டரிலேயே ஊரின் வாழ்வும் தாழ்வும் அடங்கியுள்ளன. மேலும், அவ்வலைகள் அடர்ந்த இலைகளை முற்றும் ஊடுருவித் தரையை எட்டுவதில்லை. கூரைகளிலும் பட்டு மீளும். ஆதலின் தோப்பும் வீடும் செறிந்த தாழ்நிலம் மேட்டுநிலம்போலத் தோன்றிவிடும். அதனை நம்பி, 'இவ்வூரை வெள்ளம் தொடாது' என்று ஒருவர் எழுதிவிட்டால் என்னாகும்? கணிப்பொறி காட்டியது என்பதனாலேயே ஓர் எண்ணைத் தெய்வவாக்காகக் கொள்வோரைக் காணுந்தோறும் அச்சமே உண்டாகிறது.

விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சினால் அஃது இலைகளின் இடுக்கு வழியே தரையைத் தொட்டு மீளும். பிழையும் மிகக் குறையும். ஆனால் செலவு பெரிது.

விண்ணோடத்தின் பிழையும் ஓரிடத்தில் பயன்பட்டது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் அலையாத்திக் காடுகள் கடல்மட்டத்தை ஒட்டிய நிலத்தில் நிற்பவை. அங்கே பதிவான உயரம் பெரும்பாலும் நிலத்தினதன்று, மரத்தினது. அதனைக் கொண்டே அம்மரங்களின் உயரத்தை அறிஞர் கணித்தனர்.